ஒவ்வொரு வகைமைக்கும் ஓர் அம்புலி

பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. படித்துக்கொண்டே போகிறவருக்கு அது அகப்பாட்டு என்பதில் ஐயமே வராது. கூதிர்காலம். வெள்ளத்துக்குப் பயந்து மாடுகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிப்போன கோவலர்கள் நெருப்பில் கையைக் காய்ச்சிக்கொண்டு பல் நடுங்க நிற்கிறார்கள். வானம் மூடிக் கிடப்பதால் பகல் போனதா என்று தெரியவில்லை; நகரத்துப் பெண்கள் பிச்சி மொட்டு விரிவதை வைத்து மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். குளிரில் விசிறிக்கும் சந்தனக்கல்லுக்கும் வேலை இல்லை. அரண்மனைக்குள்ளே, தந்தம் இழைத்த கட்டிலில் அரசி. மேற்கட்டியில் நிலவும் அதைப் பிரியாத ரோகிணியும் வரையப்பட்டிருக்கின்றன. அவள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அரசனோ பாசறையில், நள்ளிரவிலும் தூங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்து நடக்கிறான். இருவருக்கும் பெயர் சொல்லப்படவில்லை. ஐந்திணைக் காதலில் யாரையும் பெயர் சுட்டிப் பாடக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நக்கீரர் விதியைக் காப்பாற்றியிருக்கிறார் என்றே தோன்றும்.

ஆனால் அரசனுக்கு முன்னால் போகிறவன் கையில் ஒரு வேல் இருக்கிறது. அதன் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளம். உரையெழுதிய நச்சினார்க்கினியர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்: பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம். ஒரு கொத்து வேம்பு ஒரு முழுப் பாட்டை அகத்திலிருந்து தூக்கிப் புறத்தில் வைத்துவிட்டது. இந்த முடிவை ஏற்காதவர்கள் அன்றிலிருந்து இன்றுவரை வாதாடுகிறார்கள்.

இதைப் புலவர்களின் வீண் வழக்கு என்று தள்ளிவிடலாம். எழுதுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. பெயரில்லாத பெண்ணின் பிரிவுக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அவள் பாண்டிமாதேவி என்று தெரிந்ததும் வாசகர் இரண்டடி பின்வாங்கி, வரலாற்றைப் பார்ப்பவராக ஆகிறார். பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. படிப்பவர் நிற்கும் இடம் மாறிவிட்டது. வகைமை என்பது நூலகத்தில் புத்தகத்தை எந்த அலமாரியில் அடுக்குவது என்ற கணக்கு என்று நினைக்கிறோம். நச்சினார்க்கினியர் அதை வாசகரின் மனத்துக்குள் நடக்கும் காரியமாகப் பார்த்தார். முதல் பக்கத்தில் எழுத்தாளர் வாசகரிடம் கொஞ்சம் நம்பிக்கையைக் கைமாற்றாக வாங்குகிறார். பேய்க்கதை என்றால் பயப்படுத்துவேன், துப்பறியும் கதை என்றால் ஒளிக்காமல் ஒளிப்பேன், காதல் கதை என்றால் சேர்வார்களா என்று தவிக்கவைப்பேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எப்போது, எந்த நாணயத்தில் கொடுக்கிறோம் என்பதில்தான் நம் திறமை இருக்கிறது.

படைப்பூக்கம் பற்றிப் பேசும்போது விதிகளை உடைப்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். விதிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஐங்குறுநூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து திணை, திணைக்கு ஒரு புலவர், ஆளுக்கு நூறு பாட்டு; அந்த நூறும் பத்துப் பத்தாகக் கட்டியவை. நெய்தல் பாடிய அம்மூவனாரின் வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாட்டுக்கும் முதல் இரண்டடி ஒன்றே: வெள்ளாங்குருகின் குஞ்சைக் காணப் போகும் ஒரு நாரை. பாட்டே மூன்றிலிருந்து ஆறடிக்குள் முடிய வேண்டும். இரண்டடியை முன்பே செலவழித்துவிட்ட கவிஞரிடம் மிஞ்சுவது சில அடிகள்தாம். ஒன்றில் நாரை மிதித்ததும் நெய்தல் பூ கண் திறந்ததுபோல விரிகிறது. இன்னொன்றில் அது சிறகு கோதி உதிர்த்த தூவி மணல்மேட்டில் கிடக்கிறது. மற்றொன்றில் அது கையற்று அரற்றுகிறது. நாரை அதே நாரைதான். தோழியும் தலைவியும் பேசும் தருணம் மாற மாற, நாரை போன காரியமே வேறாகிவிடுகிறது. பத்தையும் ஒருசேரப் படித்தால், ஒரு மனிதர் தன் விருப்பப்படியே கையைக் கட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் விரல்களால் என்னென்ன செய்யலாம் என்று பார்த்தது தெரியும்.

எல்லாக் கட்டுப்பாடும் ஒரே கனம் உடையதல்ல. ஒவ்வொரு வகைமையிலும் பல இடங்கள் பழக்கத்தால் தாமாக நடந்துவிடும். ஓரிடம் மட்டும் நடக்காது. தமிழில் அந்த இடத்துக்குப் பெயர் வைத்து, முன்கூட்டியே எச்சரித்து, பயிற்சியும் கொடுத்த ஒரு வகைமை உண்டு: பிள்ளைத்தமிழ்.

பாட்டியல் நூல்கள் வகுத்தபடி பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் மாறும். பருவத்துக்குப் பத்துப் பாட்டு. ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடினார். குமரகுருபரர் மீனாட்சியைப் பாடினார். தாலாட்டுவதும் முத்தம் கேட்பதும் கை கொட்டச் சொல்வதும் எந்தத் தாய்க்கும் வாயில் வருகிற பேச்சு. புலவர் அதைச் சந்தத்தில் ஏற்றினால் பாதி வேலை முடிந்தது. அம்புலியில் அப்படி நடக்காது. அங்கே குழந்தையுடன் விளையாட நிலவைக் கூப்பிட வேண்டும். நிலவு வராது. அது பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வராத ஒன்றை, வராது என்று தெரிந்தே, பத்துப் பாட்டு நெடுக அழைக்க வேண்டும். பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி என்று புலவர்கள் சொல்லிவந்தது சும்மா அல்ல.

இந்தப் புலியோடு எதிர்நிற்க அரசியலிலிருந்து நான்கு உபாயங்களை இரவல் வாங்கினார்கள்: சாமம், பேதம், தானம், தண்டம். முதலில் இனிமையாக: நீயும் கலை உடையவன், என் பிள்ளையும் கலை உடையது, இருவரும் சமம், வா. பிறகு வேற்றுமை காட்டி: நீ தேய்கிறாய், உன் முகத்தில் மறு, பாம்பு உன்னை விழுங்கும், இதற்கு அந்தக் குறையெல்லாம் இல்லை. பிறகு ஆசை காட்டி: வந்தால் உன் குறை தீரும். கடைசியில் மிரட்டி: வராவிட்டால் தக்கன் வேள்வியில் நீ பட்ட பாடு நினைவிருக்கிறதா? தாய் குழந்தைக்கு நிலாக் காட்டும் சின்ன விளையாட்டுக்குள் ஒரு தூதுவனின் பேச்சுவார்த்தை முழுதும் வந்து நுழைந்துவிடுகிறது. தாலாட்டில் இல்லாத ஒரு கருவி வேறு துறையிலிருந்து வந்திருக்கிறது. அது வந்த இடம் வகைமையின் ஆகக் கடினமான இடம். என் வாதமெல்லாம் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது: புதுமை பிறப்பது, ஒரு வகைமையில் கற்ற கருவியை இன்னொரு வகைமையின் அம்புலிக்கு எடுத்துப்போகும்போது.

பிள்ளைத்தமிழின் பிற்கால வரலாறே இதற்குச் சாட்சி. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் நபிகள் நாயகத்துக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். அவர்களுக்கு அம்புலி வேறு விதமாகக் கனிந்திருக்க வேண்டும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மதியை அழைப்பித்த படலம் என்றே ஒன்று உண்டு. நிலவு அழைப்புக்குக் கட்டுப்பட்ட கதை அந்த மரபில் ஏற்கெனவே இருக்கிறது. வராத நிலவை அழைப்பது மற்றவர்களின் சிக்கல். வந்த நிலவை எப்படி மறுபடி அழைப்பது என்பது இவர்களுடையது. விதி ஒன்றே, புலி வேறு.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. துப்பறியும் கோவிந்தன் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார்கள். தழுவலில் சுலபமாகக் கப்பலேறி வந்தவை மாறுவேடம், ஆள்மாறாட்டம், கடத்தல், கடைசி நிமிட மீட்பு. துப்பறியும் கதையின் அம்புலி இவற்றில் எதிலும் இல்லை. தடயத்தை வாசகரின் கண்முன்னே வைத்துக்கொண்டே அவர் பார்க்காமல் செய்வதில் இருக்கிறது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் காண்கிற தடயம் உடனே வாசகருக்கும் தெரிய வேண்டும் என்பவை அவற்றில் சில. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அகதா கிறிஸ்டி 'ரோஜர் ஆக்ராய்ட் கொலை'யில் எல்லாவற்றையும் வாசகரிடம் காட்டியபடியே ஏமாற்றியிருந்தார். மோசடி என்று கொதித்தவர்கள் உண்டு. முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தால் கதைசொல்லி பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று தெரியும். கைமாற்றைக் காசு குறையாமல் கட்டிவிட்ட கதை அது.

அறிபுனைக்கு அம்புலி வேறிடத்தில். இன்னும் பிறக்காத ஓர் உலகத்தின் சட்டதிட்டங்களை, கதையை நிறுத்திப் பாடம் நடத்தாமல் எப்படிச் சொல்வது? சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் எதிர்கால அரசாங்கம் ஒன்று வருகிறது. பிள்ளை பெற அனுமதி வாங்க வேண்டும். பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது. நிலா, சிபி, ரவி, ஜீவா என்று பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வர வர, அந்த ஆட்சி மனிதரை எந்த அளவுக்கு நறுக்கி வைத்திருக்கிறது என்பது நமக்கு உறைக்கிறது. விளக்கம் சொல்ல ஒரு பத்திகூடத் தேவைப்படவில்லை. வாரப் பத்திரிகையில் இடம் குறைவு. குற்றக்கதை எழுதிப் பழகிய கைக்கு ஒரு தகவலை இரண்டு வேலை செய்யவைக்கத் தெரியும். அந்தச் சிக்கனம் அங்கிருந்து இங்கே வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய் மட்டும் திட்டத்துக்கு மீறி வளர்ந்துவிட்டது. வாசகர் அதைக் காதலித்துவிட்டார்கள், 'மீண்டும் ஜீனோ' வரவேண்டியதாயிற்று.

புதுமைப்பித்தனிடம் இந்தக் கடத்தலை ஆகத் தெளிவாகப் பார்க்கலாம். 'காஞ்சனை'யில் பேய்க்கதையை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் படுக்கையறையில் வைத்தார். கதையைச் சொல்கிறவரே ஒரு கதாசிரியர்; பேய் வருவதா, எழுதுகிறவரின் மனம் வருவதா என்று கடைசிவரை உறுதிப்படாது. 1943இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' அதைவிடத் துணிச்சலானது. எடுத்துக்கொண்டது திருவிளையாடல் வகைமை: கடவுள் மாறுவேடத்தில் பூமிக்கு வருவார், ஒருவரைச் சோதிப்பார், கடைசியில் சுயரூபம் காட்டி வரம் தருவார். அந்தச் சட்டகம் கதையில் அப்படியே இருக்கிறது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கடவுள் வருகிறார். சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை அவரைக் காபி ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறார். ஆயுள் சந்தா சேர்க்கவும் பார்க்கிறார்.

அந்த வகைமையின் அம்புலி, சுயரூபம் காட்டும் கணம். புராணத்தில் அந்த இடத்தில் பக்தருக்கு மெய்சிலிர்க்கும், கவிஞருக்கு அடைமொழி தானாக வரும், கேட்பவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். யாருக்கும் யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் அந்த இடம் செத்துக் கிடந்தது. புதுமைப்பித்தன் சரியாக அங்கே போய் நின்றார். சடாமுடியும் மானும் மழுவுமாகக் கடவுள் காட்சி தருகிறார். பிள்ளை விழவில்லை. வரம் கொடுத்துவிட்டு நழுவுகிற சங்கதியெல்லாம் தன்னிடம் வேண்டாம் என்கிறார்; இங்கே இருக்க வேண்டுமானால் மனிதனுக்குரிய விதிப்படி இரும் என்று நிபந்தனை போடுகிறார். திருநெல்வேலிக்காரர் சந்தாதாரரிடம் பேசும் அதே குரல். யதார்த்தக் கதையில் பழகிய உரையாடல் திறம் புராணத்தின் உச்சியில் போய் இறங்குகிறது. அதற்குப் பிறகு கடவுள் அந்த வீட்டில் ஒரு விருந்தாளி. குழந்தை அவர் மேல் ஏறி விளையாடுகிறது. புராணத்தைக் கேலி செய்தார் என்று மட்டும் சொல்லிவிட்டால் கதை கைக்கு அகப்படாது. திருவிளையாடலை உள்ளும் புறமும் அறியாதவரால் அதன் எந்த மூட்டில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று கண்டிருக்க முடியாது.

சிறுபத்திரிகை வாசகர் இதுவரை தலையசைத்துக்கொண்டு வந்திருப்பார். இனி நம் வீட்டுக்குள் பார்ப்போம். துப்பறியும் கதையும் பேய்க்கதையும் வகைமை எழுத்து, நாம் எழுதுவது இலக்கியம் என்று ஓர் எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. சிறுபத்திரிகைச் சிறுகதையும் ஒரு வகைமைதான், அதுவும் கெடுபிடியான வகைமை. நடுவயதைத் தொட்ட ஆண். சொந்த ஊருக்குப் போகும் பேருந்து. இறந்துபோன அப்பாவின் ஏதோ ஒரு பொருள். அண்ணனோடு பேசாமல் விட்ட ஒரு சொல். கடைசிப் பத்தியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை. ராஜேஷ்குமார் ரசிகர் அட்டையைப் பார்த்தே கதையை ஊகிப்பதுபோல நாமும் முதல் வரியைப் படித்தே ஊகித்துவிடுகிறோம். ஊகித்ததை நுண்ணுணர்வு என்று சொல்லிக்கொள்கிறோம்.

கவிதையிலும் இதே கதைதான். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது யாப்பில்லாத கவிதை கவிதையே அல்ல என்று அடிக்க வந்தார்கள். 1962இல் அவர் 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே புதுக்கவிதைக்கு என்று ஓர் அச்சு வந்துவிட்டது: இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மடக்கிய வரி, கடைசியில் ஒரு சுருக் திருப்பம். மீறலாகப் பிறந்ததுதான் பிறகு விதியாகி உட்கார்ந்துகொள்கிறது. இதில் வருந்த ஒன்றுமில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளைச் சொல்லும்போது பழங்கதைக்குரிய தொன்மையையும் புதிதாகக் கட்டும் விருந்தையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. புதியதும் ஒரு வகைதான், அதற்கும் இடம் போட்டு வைப்போம் என்ற நிதானம் அதில் இருக்கிறது. வருத்தப்பட வேண்டியது, நம் வகைமைக்கு அம்புலி எது என்று தேடாமல் சுலபமான ஒன்பது பருவங்களையே பாடிக்கொண்டிருப்பதில். என் கணக்கில் நம் சிறுகதையின் அம்புலி அதன் முடிவு. எதையும் தீர்த்துவைக்காமல் நிறுத்துவது என்று ஏற்றுக்கொண்டோம். தீர்க்க முடியாததால் நிற்கிற கதைக்கும், எழுதியவருக்கு மேலே தெரியாததால் நிற்கிற கதைக்கும் கடைசி வரி ஒன்றுபோலவே இருக்கும். அந்த வித்தியாசத்தை வாசகருக்கு உணர்த்துவது ஜன்னலால் ஆகாது.

பட்டறைகளில் இளைஞர்கள் கேட்கிறார்கள்: கற்பனையை எப்படி வளர்ப்பது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், நிறையப் படியுங்கள் என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். இரண்டும் சரி, இரண்டும் போதாது. எனக்குத் தெரிந்த வழி கொஞ்சம் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஒரு வகைமையில் பத்துக் கதைகளை இடைவிடாமல் படியுங்கள். எல்லாக் கதைகளும் எந்த இடத்தில் அவசரப்படுகின்றன, எங்கே திடீரென்று நடை பூத்துக் குலுங்குகிறது, எங்கே ஆசிரியர் ஒரு தற்செயலைக் கூப்பிட்டுக்கொள்கிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். குறிகள் ஓரிடத்தில் கூடும். பேய்க்கதையில் அநேகமாக அது பேயை முதன்முதலில் காட்டும் இடம். காதல் கதையில் பிரிவுக்குக் காரணம் சொல்லும் இடம். வரலாற்று நாவலில் முடிவு ஏற்கெனவே தெரிந்த போருக்கு முந்தைய இரவு. பிறகு அம்மூவனாரைப்போல முதல் இரண்டு வரியைப் பூட்டிவிட்டு அந்த ஓர் இடத்தை மட்டும் பல தடவை எழுதிப் பாருங்கள். முதலில் வருபவை படித்தவற்றின் எச்சமாகவே இருக்கும். அவை தீர்ந்த பிறகு கை வேறெங்காவது தேடும். உங்களுக்குத் தெரிந்த இன்னொரு தொழிலில், இன்னொரு பேச்சில், நீங்கள் மட்டமென்று ஒதுக்கிய இன்னொரு வகைமையில். அப்படித் தேடிப் போகத் தெரிவதற்குப் பெயர்தான் படைப்பூக்கம் என்று நினைக்கிறேன். அதனால் ஒரே வகைமையில் மூழ்கியவருக்கு விதிகள் தெரியும், கருவி போதாது. எல்லாவற்றையும் மேலோட்டமாக மேய்ந்தவரிடம் கருவிகள் நிறைய இருக்கும், எங்கே போட வேண்டும் என்று தெரியாது. நக்கீரருக்கு இரண்டும் தெரிந்திருந்தது. அகம் முழுதும் கைவசமிருந்ததால் எந்த அடிவரை பெயரில்லாமல் கொண்டுபோகலாம் என்று தெரிந்தது. புறம் தெரிந்ததால் வேலின் தலையில் என்ன கட்ட வேண்டும் என்று தெரிந்தது.

ஆகவே சிறுபத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஆண்டுக்கு ஓர் இதழைப் பேய்க்கதைக்கும் துப்பறியும் கதைக்கும் ஒதுக்குங்கள். யதார்த்தக் கதை எழுதிப் பெயர் வாங்கியவர்களை மட்டும் கேளுங்கள். பகடி செய்து தப்பிக்கக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள்: பேய் பயமுறுத்த வேண்டும், கொலையாளி முன்பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும். வருகிற கதைகளில் பாதி மோசமாக இருக்கும், அச்சிட்டுவிடுங்கள். தடயத்தை மறைக்கக் கற்ற கை அடுத்த ஆண்டு ஓர் அண்ணன் தம்பிக் கதை எழுதும்போது, யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதை முன்பைவிடத் துல்லியமாக வைக்கும்.